மூன்று பெயர், இரண்டு கொடி

வணக்கம் சார்,

பழம் தரும் கொடிகளைப் பற்றி ஒரு கையேடு தொகுத்து வருகிறேன். பேஷன் ஃப்ரூட் கொடிகளின் பேரினமான பாசிஃப்ளோராவில் 'வாழைப்பழப் பேஷன் ஃப்ரூட்' வரும்வரை வேலை ஒழுங்காகத்தான் போனது. நீண்ட மஞ்சள் பழம், தொங்கும் இளஞ்சிவப்புப் பூ, ஆண்டீஸ் மலைத்தொடரின் செடி. பழைய புத்தகங்களில் இதன் பெயர் பாசிஃப்ளோரா மொல்லிசிமா. புதிய பட்டியல்களில் பாசிஃப்ளோரா ட்ரைபார்ட்டிட்டா, வகை மொல்லிசிமா. வேறு சிலவற்றில் பாசிஃப்ளோரா டார்மினியானா. ஹவாய்க் காடுகளை நாசம் செய்த களை என்ற ஒரே கதையை மூன்று பெயரிலும் படித்துவிட்டேன். ஒரு பட்டியலில் மூன்றையும் 'வேறு பெயர்கள்' என்று ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். நானும் அப்படியே போட்டுவிடலாமா? தாவரவியலாளர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தால் நாமும் பின்னாலேயே ஓட வேண்டுமா? பழகிய பழைய பெயரையே எல்லாரும் வைத்துக்கொண்டால் என்ன? மூன்று படங்கள் இணைத்திருக்கிறேன். மூன்றிலும் 'மொல்லிசிமா' என்றுதான் குறிப்பு இருந்தது.

எம்.

அன்புள்ள எம்.,

ஒரே வரியில் போட்டுவிடாதீர்கள். அந்த மூன்று பெயர்களில் முதல் இரண்டும் ஒரே செடியைக் குறிப்பவை. மூன்றாவது வேறு செடி. முதல் இரண்டுக்கும் நடுவே இருப்பது கருத்து வேறுபாடு. மூன்றாவதில் நடந்தது ஆள்மாறாட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பெயரின் மேல் வந்து விழுந்ததால்தான் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள்.

கருத்து வேறுபாட்டை முதலில் முடித்துவிடலாம், அது எளிது.

1789இல் பாரிஸில் அந்த்வான் லோரான் தெ ஜூசியூ, நீண்ட குழாய்ப் பூக்கள் கொண்ட ஆண்டீஸ் கொடிகளைத் தனியே பிரித்து டக்சோனியா என்று ஒரு பேரினம் ஆக்கினார். அவர் பிரித்ததில் நியாயம் உண்டு. நாம் படங்களில் அதிகம் பார்க்கும் பாசிஃப்ளோரா பூக்கள் அகல விரிந்து, நடுவே இழைகளாலான வளையம் தெரிய நிற்கும். டக்சோனியாவில் பூ ஒரு நீண்ட குழாயின் நுனியில் விரிகிறது, இழைவளையம் வெறும் மேடுகளாகச் சுருங்கிவிடுகிறது, தேன் குழாயின் அடியில் கிடக்கிறது. உடலைவிட நீண்ட அலகு கொண்ட வாள் அலகு ஹம்மிங்பேர்டை நம்பியே மகரந்தச் சேர்க்கை நடத்தும் இனங்கள் இதில் பல உண்டு. பிற்காலத்தில் இந்தக் கூட்டத்தைப் பாசிஃப்ளோராவுக்குள்ளேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய நூல்களில் டக்சோனியா என்று வந்தால் திகைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே ஜூசியூ 1805இல் எக்வடோரிலிருந்து வந்திருந்த ஓர் உலர்ந்த மாதிரிக்கு டக்சோனியா ட்ரைபார்ட்டிட்டா என்று பெயரிட்டார். 1811இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் புவாரே அதைப் பாசிஃப்ளோராவுக்கு மாற்றினார். 1817இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் குந்த், பயணிகளான ஹம்போல்ட்டும் போன்ப்ளானும் பொகோட்டா பக்கத்தில் சேகரித்த கொடியை டக்சோனியா மொல்லிசிமா என்று வெளியிட்டார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1916இல், அமெரிக்கத் தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி அதைப் பாசிஃப்ளோரா மொல்லிசிமா ஆக்கினார். உங்கள் பழைய புத்தகங்களின் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1938இல் அமெரிக்கக் கண்டத்துப் பாசிஃப்ளோராக்கள் அனைத்தையும் தொகுத்த எல்ஸ்வொர்த் கில்லிப் இரண்டையும் தனித்தனிச் சிற்றினங்களாகவே வைத்தார். அவருடைய நூல்தான் பல பத்தாண்டுகளுக்கு எல்லாருக்கும் கைநூல் என்பதால் பெயர் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

1988இல் எக்வடோரின் தாவரங்களைத் தொகுக்கும் நூல் வரிசைக்காக இந்தக் குடும்பத்தை எழுதிய ஹோல்ம்-நீல்சன், யோர்கன்சன் குழு வேறு முடிவுக்கு வந்தது: ட்ரைபார்ட்டிட்டாவும் மொல்லிசிமாவும் தனிச் சிற்றினம் என்று சொல்லும் அளவுக்கு விலகியவை அல்ல, ஒன்றின் வகைகள் என்றால் போதும். அப்படிச் சேர்த்தால் எந்தப் பெயர் சிற்றினத்துக்குப் போகும்? முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது தாவரப் பெயரிடல் விதி. 1805 முந்தியது, 1817 பிந்தியது. எனவே ட்ரைபார்ட்டிட்டா மேலே, மொல்லிசிமா அதன் கீழே ஒரு வகை.

கவனியுங்கள், 1988இல் யாரும் புதிய சொல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த இரண்டு பெயர்களின் படிநிலையைத்தான் மாற்றினார்கள். நாளைக்கு ஒருவர் சரியான காரணங்களோடு இரண்டையும் மீண்டும் பிரித்தால் பாசிஃப்ளோரா மொல்லிசிமா அப்படியே உயிர் பெற்றுவிடும். ஆகவே இந்த இரண்டில் எதை எழுதினாலும் தப்பில்லை. ஒன்றைத் தலைப்பில் வைத்து மற்றதை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள், முடிந்தது.

ஆள்மாறாட்டம்தான் சுவையான பகுதி.

கொலம்பியாவின் மலைப்பகுதி விவசாயிகள் இந்தப் பழத்தைக் குருபா என்கிறார்கள். அதில் இரண்டு உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்று 'குருபா தெ காஸ்தியா', மணமும் சுவையும் கூடியது, சந்தையில் மதிப்பு உள்ளது. மற்றது 'குருபா இந்தியா'. (இந்த இந்தியா நம் நாடு அல்ல, அந்த மண்ணின் பழங்குடிகளை ஸ்பானியர் அழைத்த பெயர்.) இது சுவையில் ஒரு படி கீழே, ஆனால் நோயைத் தாங்கும், சற்றுத் தாழ்ந்த உயரங்களிலும் நன்றாக வரும். நட்டு அறுவடை செய்கிறவருக்கு இந்த வேறுபாடு வருமானப் பிரச்சினை. தாவரவியல் நூல்களில் மட்டும் இரண்டும் மொல்லிசிமா என்ற ஒரே பெயரில் கிடந்தன.

இது எப்படி நடந்தது என்று புரிய ஓர் ஹெர்பேரியம் தாளை மனதில் கொண்டுவாருங்கள். கொடியின் ஒரு துண்டை வெட்டி, காகிதங்களுக்கு நடுவே அழுத்தி, காயவைத்து, தாளில் ஒட்டுகிறார்கள். பூவின் நிறம் பழுப்பாகப் போய்விடும். இதழ்கள் உயிரோடு இருந்தபோது எவ்வளவு மடங்கியிருந்தன என்பது அழுத்தத்தில் காணாமல் போகும். காகிதம் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் படிந்திருக்கும். விரலைவிடத் தடித்த பழத்தைத் தாளுக்குள் அழுத்த முடியாது, பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். இப்போது இந்த இரண்டு கொடிகளைப் பிரிக்கும் அடையாளங்களைப் பாருங்கள். காஸ்தியாவின் இதழ்கள் விரிந்து பக்கவாட்டில் நிற்கும், அதற்கு மேல் போகாது; இந்தியாவின் இதழ்கள் முழுக்கப் பின்னால் மடங்கிக் குழாயை நோக்கித் திரும்பிவிடும். காஸ்தியாவின் பூ வெளிர் இளஞ்சிவப்பு, மற்றது பளிச்சென்ற நிறம். காஸ்தியாவின் பழ நுனி உருண்டை. மற்றதன் பழம் இரண்டு முனையிலும் குறுகிக் கதிர் போல் இருக்கும். தாளில் எது தங்காதோ, பார்த்து அதில்தான் இவை வேறுபடுகின்றன!

தாளிலும் தெரியக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் இருபுறமும் இருக்கும் இலையடிச் செதில்கள். காஸ்தியாவில் அவை அகலமாக, சிறுநீரக வடிவில், இலை முதிர்ந்த பிறகும் நிலைத்து நிற்கும். மற்றதில் சிறு செதில்கள் வந்து, சீக்கிரமே உதிர்ந்துவிடும். உதிர்ந்த செதில் தாளில் இருக்காது. 'செதில் இல்லை' என்பதை ஓர் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள, அது இயல்பாகவே உதிர்வது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். சேகரிக்கும்போது போயிருக்கும் என்று நினைப்பவர்தான் அதிகம்.

2001இல்தான் இது தீர்ந்தது. வயலில் உயிருள்ள கொடிகளோடு வேலை செய்த கோப்பென்ஸ் தெக்கன்ப்ரூக், விக்டோரியா பார்னி ஆகியோரும், ஹெர்பேரியப் பக்கத்திலிருந்து யோர்கன்சன், ஜான் மெக்டூகல் ஆகியோரும் சேர்ந்து, குருபா இந்தியாவைப் பாசிஃப்ளோரா டார்மினியானா என்ற புதுச் சிற்றினமாக நோவான் என்ற தாவரவியல் இதழில் வெளியிட்டார்கள். இந்த யோர்கன்சன் 1988இல் மொல்லிசிமாவை வகையாக இறக்கியவர்களில் ஒருவர். அங்கே சேர்த்தவர், இங்கே பிரித்தார். பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு முடிவும் அந்தந்தச் செடிகளைப் பார்த்து எடுத்தவை.

'மொல்லிசிமா' என்ற பெயர் ஏன் காஸ்தியாவிடம் தங்கியது, மற்றதற்குப் போகவில்லை? ஒரு சிற்றினப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை முடிவு செய்வது அதை வெளியிட்டபோது அடிப்படையாக வைத்த மூல மாதிரி. பின்னால் வந்தவர்கள் எத்தனை ஆயிரம் முறை அந்தப் பெயரை வேறு செடிக்குப் பயன்படுத்தியிருந்தாலும் கணக்கில் வராது. குந்த் பார்த்த பொகோட்டா மாதிரி காஸ்தியாவோடு பொருந்துகிறது. பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

இதனால் ஒரு விநோதம் நேர்ந்தது. வெளிநாடுகளுக்குப் போய்க் காடுகளில் பரவிப் பெயர் கெட்டதில் பெரும்பங்கு குருபா இந்தியாவுடையது. ஹவாயில் 'பனானா போக்கா' என்று அழைக்கப்பட்ட கொடி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது, காட்டுப்பன்றிகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்பின, 'கோவா' என்ற உள்ளூர் மரங்களின் காட்டு உச்சியைப் போர்த்தி மூடியது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் மொல்லிசிமா என்றே எழுதினார்கள். அது டார்மினியானா. உலகின் பல மூலைகளில் ஒழிக்கப் பாடுபட்ட ஒரு களைக்கு 2001 வரை தனக்கென்று ஓர் அறிவியல் பெயர்கூட இல்லை.

நடைமுறையில் இதனால் என்ன என்று கேட்கலாம். ஹவாயில் இந்தக் கொடியைக் கட்டுப்படுத்த 1990களில் கொலம்பியாவிலிருந்து செப்டோரியா பாசிஃப்ளோரே என்ற பூஞ்சையைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஓர் உயிரியை அவிழ்த்துவிடும் முன் அது எந்தச் செடியைத் தாக்கும், எதைத் தாக்காது என்று சோதிக்கிறார்கள். சாதாரணப் பேஷன் ஃப்ரூட்டான பாசிஃப்ளோரா எடுலிஸ் அங்கே பயிராகவும் இருக்கிறது அல்லவா. களையின் தாயகத்துக்குப் போய் அதன் எதிரிகளைத் தேடுகிறவர் எந்தக் கொடியின் மேல் தேட வேண்டும் என்பதே பெயரைப் பொறுத்தது. நோய் தாங்கும் கொடியும் தாங்காத கொடியும் ஒரே பெயரில் இருந்தால் சோதனை முடிவை எதோடு ஒப்பிடுவது?

பழகிய பெயரையே வைத்துக்கொண்டால் என்ன என்ற உங்கள் கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. விதித்தொகுப்பில் அதற்கு வழி உண்டு. பழகிய ஒரு பெயரை, முன்னுரிமை இல்லாவிட்டாலும், காப்பாற்றி வைக்கக் கோரலாம். முதல் குழப்பத்துக்கு வேண்டுமானால் அது உதவும். இரண்டாவதற்கு உதவாது. எந்தப் பெயரைக் காப்பாற்றினாலும் செடி இரண்டு.

சரி, உங்கள் கையேட்டுக்கு வருவோம். ட்ரைபார்ட்டிட்டா வகை மொல்லிசிமாவுக்கு ஒரு பதிவு, அதில் பாசிஃப்ளோரா மொல்லிசிமாவை வேறு பெயராகக் கொடுங்கள். டார்மினியானாவுக்குத் தனிப் பதிவு. அங்கே 'பழைய நூல்களில் தவறாக மொல்லிசிமா என்று குறிக்கப்பட்டது' என்று எழுதுங்கள். வேறு பெயர் வேறு, தவறாகப் பொருத்திய பெயர் வேறு. பட்டியல்காரர்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான். ஹவாய்க் கதை முழுவதும் டார்மினியானா பதிவுக்குப் போகட்டும். நியூசிலாந்துக்கு அப்படிச் செய்ய வேண்டாம், அங்கே இரண்டும் காட்டில் பரவியிருக்கின்றன. செங்குத்தாக நிற்கும் பூவோடு பாசிஃப்ளோரா மிக்ஸ்டாவும் அங்கே உண்டு; அது இந்தச் சண்டையில் சேராதது.

கணினியில் மொல்லிசிமாவை எல்லாம் தேடி டார்மினியானா என்று மாற்றிவிடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். 2001க்கு முந்தைய நூல் ஒன்றில் வெறுமனே 'மொல்லிசிமா' என்று வந்து, செதிலோ பழ வடிவமோ சொல்லப்படாமல், நாடும் தெரியாவிட்டால், அந்தத் தகவலை எந்தப் பதிவிலும் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. மகசூல், தாங்கும் உயரம், நோய் பற்றிய குறிப்புகளில் இதை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் இரண்டும் வேறுபடுவது அதில்தான்.

அப்புறம், உங்கள் படங்கள். முதல் படத்தில் கணுவில் அகலமான செதில் தெளிவாகத் தெரிகிறது, இதழ்கள் பின்னால் மடங்கவில்லை. மொல்லிசிமாவேதான். இரண்டாவதில் இதழ்கள் முற்றாகப் பின்னுக்கு மடங்கியிருக்கின்றன, முதிர்ந்த இலைகளின் கணுக்கள் வெறுமையாக இருக்கின்றன, ஓரத்தில் தெரியும் பழத்தின் நுனியும் கூர்மை. அதை டார்மினியானா பக்கத்தில் போடுங்கள். மூன்றாவது, பூவை மட்டும் நேர் எதிரே நின்று எடுத்தது. குழாயும் இல்லை, கணுவும் இல்லை. அழகான படம்தான், ஆனால் எந்தப் பதிவிலும் போட முடியாது. எடுத்தவரைத் தெரியுமென்றால் பக்கவாட்டில் ஒன்று எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கணுவும் விழும்படி.