ஜி6பிடி குறைபாடு சில இனங்களில் அதிகமாகவும் சில இனங்களில் குறைவாகவும் இருப்பது ஏன்? இலங்கைத் தமிழரில் எத்தனை வீதம் பேருக்கு இருக்கும்?

இலங்கைத் தமிழருக்கு இத்தனை வீதம் என்று ஒற்றை எண் கேட்கிறீர்கள். அதை நான் சொல்லப்போவதில்லை. அப்படி ஓர் எண்ணை நம்பி ஒரு பிள்ளைக்கு மருந்து கொடுப்பது ஆபத்து. வன்னியில் ஒரு வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இந்தக் குறைபாட்டைக் கண்டறியும் சோதனையை என் கையாலேயே செய்கிறவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜி6பிடி இரத்தத்தின் செங்குழியத்துக்குள் இருக்கும் ஒரு நொதியம். சில மருந்துகளாலும் இரசாயனங்களாலும் செங்குழியம் சிதையாமல் காப்பது இதுதான். இது குறைவாக உள்ளவர்களுக்குச் சாதாரண நாட்களில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கும் ப்ரிமாகுவின் குளிசை உள்ளே போனால் செங்குழியங்கள் உடையத் தொடங்கும். சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், ஆள் சோர்ந்துவிடும். ப்ரிமாகுவின் சிலரை மட்டும் இப்படித் தாக்குவதன் காரணம் இந்த நொதியக் குறைவுதான் என்று 1956இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுவதும் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

இனி உங்கள் 'ஏன்' என்ற கேள்வி. காரணம் மலேரியா. இந்தக் குறைபாடு உள்ள செங்குழியத்தில் மலேரியாக் கிருமி சுகமாக வளர முடியாது. அதனால் தலைமுறை தலைமுறையாக மலேரியா வாட்டிய இடங்களில், இந்தக் குறைபாட்டைத் தரும் மரபணு மாற்றம் உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தப்பிப் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். மலேரியா இல்லாத இடத்தில் இந்த மாற்றத்தால் ஒரு லாபமும் இல்லை, அங்கே அது பெருகவும் இல்லை.

இதற்கு நல்ல சாட்சி இத்தாலியின் சார்டினியாத் தீவு. ஒரே தீவு, ஒரே மக்கள். மலேரியா நிறைந்திருந்த தாழ்நிலக் கிராமங்களில் இந்தக் குறைபாடு அதிகம், மலைக் கிராமங்களில் குறைவு. யூதர்களை எடுத்துப் பாருங்கள். குர்திஸ்தானில் வாழ்ந்த யூத ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது இருக்கிறது. ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை. இரண்டு பேரும் யூதர்தானே? அப்போது 'யூதருக்கு எத்தனை வீதம்' என்ற கேள்விக்கு என்ன பொருள்?

மாற்றமும் ஒன்றல்ல. ஆபிரிக்காவில் பரவலாக இருப்பது ஒரு வகை, ஓரளவு மென்மையானது. மத்திய தரைக்கடல் வகை கடுமையானது. தாய்லாந்து, பர்மாப் பக்கம் மகிடோல் என்று வேறொன்று. இந்தியாவில் மத்திய தரைக்கடல் வகையோடு ஒரிசா, கேரளா-கல்யாண் என்ற வகைகளும் இருக்கின்றன. வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகத் தோன்றி, ஒரே காரணத்தால் பெருகியவை இவை.

சரி, வன்னிக்கு வருவோம். இங்கே எல்லோரையும் 'வன்னித் தமிழர்' என்கிறோம். குளத்தடிக் கிராமங்களில் பல தலைமுறையாக இருந்தவர்கள் ஒரு பகுதி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிய குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இன்னொரு பகுதி. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் வேறு. அவர்களின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முக்கிய நுளம்பு வற்றுகிற ஆற்றின் குட்டைகளில்தான் அதிகம் பெருகும். பெரிய ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலேரியா வன்னி அளவுக்கு இருந்ததில்லை. உயர்ந்த மலைத் தோட்டங்களிலும் அப்படித்தான். மொழியும் கோயிலும் ஒன்றாக இருந்தாலும் இவர்களின் முன்னோர் பட்ட காய்ச்சல் ஒன்றல்ல. இவர்கள் எல்லோருக்கும் ஒரு சராசரி போட்டால் அது யாருக்குமே பொருந்தாது.

ஆண், பெண் கணக்கும் இருக்கிறது. இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆணுக்கு ஒரு எக்ஸ்தான், அதில் மாற்றம் இருந்தால் குறைபாடு. பெண்ணுக்கு இரண்டு. ஓர் ஊரில் நூறு ஆண்களில் பத்துப் பேருக்கு இருந்தால், நூறு பெண்களில் இரண்டு எக்ஸிலும் மாற்றம் உள்ளவர் ஒருவர் அளவில்தான் இருப்பார். ஒன்றில் மட்டும் உள்ளவர்கள் பதினெட்டுப் பேர் வரை. ஆனால் இது யார் யாரை வேண்டுமானாலும் கட்டும் ஊருக்கான கணக்கு. எங்களிடம் மச்சான், மச்சாள் கலியாணம் இருக்கிறது. தாய்மாமனுக்குக் குறைபாடு என்றால் அவருடைய மகள்மார் எல்லோரும் அந்த மாற்றத்தைச் சுமப்பார்கள். அவருடைய தங்கை மகனுக்கும் அதே குறைபாடு இருந்து, இவர்கள் கலியாணம் செய்தால், பிறக்கும் ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் முழுக் குறைபாடு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. 'பெண்பிள்ளைதானே, இது ஆம்பிளைப் பிள்ளையளுக்குத்தான்' என்று சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

சோதனை எளிது. மூன்று குழாய்களில் அதே ஆளின் இரத்தம். ஒன்றில் எதுவும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் சோடியம் நைத்திரைற்று, அது இரத்தத்தைக் கபில நிறமாக்கிவிடும். மூன்றாவதில் நைத்திரைற்றோடு மெதிலீன் நீலமும். 37 பாகை வெப்பத்தில் மூன்று மணித்தியாலம் வைத்து, எடுத்து, தண்ணீரில் கரைத்துப் பார்ப்போம். நொதியம் போதுமான அளவு இருந்தால் மூன்றாவது குழாய் திரும்பச் சிவக்கும். குறைவென்றால் கபிலமாகவே நிற்கும். ஒரு எக்ஸில் மட்டும் மாற்றம் உள்ள பெண்களுக்கு இரண்டும் கெட்டான் நிறம் வரும், அங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். செங்குழியங்கள் உடைந்த உடனேயே சோதித்தால் முடிவு பொய்யாகச் சரி என்று வரலாம். நொதியம் குறைந்த பழைய குழியங்கள் உடைந்துபோய், நொதியம் கூடிய புதியவை நிறைந்திருக்கும் நேரம் அது. மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்வதே நல்லது.

இலங்கையில் மலேரியா உள்ளூரில் தொடர்ந்து பரவியது 2012 ஒக்டோபரோடு நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அப்புறம் இந்தச் சோதனை எதற்கு என்று கேட்கலாம். இந்தியாவுக்கும் ஆபிரிக்காவுக்கும் போய் வருகிறவர்கள் மலேரியாவோடு வருகிறார்கள். வைவாக்ஸ் வகை ஈரலில் ஒளிந்து திரும்பத் திரும்ப வரும். அதைத் துடைக்க வழக்கமாக 14 நாள் ப்ரிமாகுவின் கொடுப்பார்கள். அறிவிப்பு வந்த அதே ஆண்டு மன்னாரில் ஸ்டீபன்சி என்ற புதிய மலேரியா நுளம்பையும் கண்டார்கள்.

மலேரியாவே வராவிட்டாலும், வீட்டில் செய்ய வேண்டியவை சில உண்டு. குழந்தையின் துணிகளை நப்தலீன் உருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள். பிறந்து சில நாளில் மஞ்சள் கடுமையானால், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பச்சிளம் பிள்ளைக்கு மருதோன்றி பூச வேண்டாம். குறைபாடு என்று முடிவு வந்தால் அதைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். தாய்மாமன்மாருக்கும் சின்னம்மா, பெரியம்மாவின் ஆண்பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கும் இருக்கலாம்.