டாக்டரிடம் கேளுங்கள்: எலும்புக்குள் நீர்க்கட்டி

என் மகனுக்கு 11 வயது. பள்ளிக்கூடத்தில் பந்தை ஓங்கி எறிந்தபோதே தோளுக்குக் கீழே கை ஒடிந்துவிட்டது, கீழே விழக்கூட இல்லை. எலும்புக்குள் நீர்க்கட்டி இருப்பதாகச் சொல்லி, கையைக் கழுத்தோடு தொங்கவிட்டுக் கட்டி அனுப்பிவிட்டார்கள். வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் போய் தைலம் போட்டுத் தடவினால் கட்டி கரைந்துவிடும் என்கிறார் மாமியார். இது புற்றுநோய் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, தக்கலை

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுவோம். சாதாரண நீர்க்கட்டி புற்றுநோய் இல்லை. வளரும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வரும், அதிலும் பெண் பிள்ளைகளைவிடப் பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடமும் பெரும்பாலும் இரண்டுதான்: தோளை ஒட்டிய கை எலும்பு, இல்லையென்றால் இடுப்பை ஒட்டிய தொடை எலும்பு.

ஏன் வருகிறது என்பதற்கு மருத்துவத்தில் இன்னும் முடிந்த முடிவு கிடையாது. எலும்பு வேகமாக வளரும் இடத்தில் ரத்தம் வடிந்து திரும்பும் வழி அடைபட்டு, அங்கே நீர் தேங்கி, அந்த அழுத்தமும் நீரில் உள்ள சில பொருள்களும் சேர்ந்து எலும்பை உள்ளிருந்து அரிக்கின்றன என்பதுதான் பலரும் ஏற்கும் விளக்கம். நீங்கள் பால் கொடுக்காததாலோ மீன் கொடுக்காததாலோ வந்ததல்ல, அந்தக் குற்ற உணர்ச்சியை விட்டுவிடுங்கள். வலியே இல்லாமல் இருந்துவிட்டு, பந்து எறிவது மாதிரி ஒரு சின்ன காரியத்தில் எலும்பு ஒடிந்த பிறகுதான் பலருக்கும் இது தெரியவே வரும்.

அனுபவமுள்ள கண்ணுக்கு எக்ஸ்ரேயே பெரும்பாலும் போதும். எலும்பின் நடுவில் தெளிவான வெற்றிடம், மெலிந்த சுவர், சில சமயம் உடைந்த சில்லு ஒன்று நீருக்குள் இறங்கி அடியில் கிடப்பதுகூடத் தெரியும். அந்தச் சில்லு தெரிந்தால் உள்ளே இருப்பது திடமான கட்டி இல்லை, நீர்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். சந்தேகம் இருந்தால் மட்டும் எம்.ஆர்.ஐ., அதற்கும் மேலே தேவைப்பட்டால் பயாப்சி, அதாவது கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது.

இனி மாமியார் சொன்னது. ஆசான்மாரின் கைப்பழக்கத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை, நம் மாவட்டத்தில் சுளுக்குக்கு அவர்களிடம் போகாத குடும்பம் அபூர்வம். ஆனால் இந்தக் கையைத் தடவக் கூடாது, அழுத்தி உழியவே கூடாது. சுவர் மெலிந்த எலும்பு மறுபடி ஒடியும், கூடிவரும் எலும்பு விலகும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமும் தடைபடும். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, விரலை நீட்டும்போது உயிர்போகும் வலி இருந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒடிந்த எலும்பு சில வாரங்களில் கூடிவிடும். அந்த முறிவோடு கட்டியும் தானாக மூடிப்போகும் பிள்ளைகள் உண்டு, ஆனால் அவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மூடவில்லை, சுவர் இன்னும் மெலிவாக இருக்கிறது என்றால் ஊசி வழியாக நீரை எடுத்துவிட்டு ஸ்டீராய்டு மருந்தை உள்ளே செலுத்துவார்கள். இத்தாலியில் 1970களில் தொடங்கிய முறை இது, பெரும்பாலும் ஒரு தடவையோடு முடியாது. பிள்ளையின் சொந்த எலும்பு மஜ்ஜையை எடுத்துச் செலுத்துவதும் உண்டு. அதற்கும் அடங்காவிட்டால் சுரண்டி எடுத்து எலும்புத் துகள் நிரப்புவது, உள்ளே வளையும் கம்பி வைப்பது. எலும்பு நீண்டு வளரும் இடமான வளர்ச்சித் தட்டைக் கட்டி ஒட்டியிருந்தால் சுரண்டும்போது கவனம் வேண்டும், அந்தத் தட்டில் அடிபட்டால் கையின் வளர்ச்சி குறையலாம். இதே கட்டி இடுப்பை ஒட்டிய தொடை எலும்பில் இருந்திருந்தால் நான் இவ்வளவு நிதானமாகப் பேசமாட்டேன், அங்கே ஒடிந்தால் சேதம் பெரிது, முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்வதே பல நேரம் நல்லது.

என் மகளுக்கு 16 வயது. முழங்காலுக்குக் கீழே வீக்கம், ராத்திரி வலி. ரத்தம் நிறைந்த எலும்புக்கட்டி என்று எம்.ஆர்.ஐ.யில் வந்திருக்கிறது. பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?
– வாசகர், மார்த்தாண்டம்

பரவாது. பயாப்சி எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து. இது மேலே சொன்ன நீர்க்கட்டி இல்லை, வேறு ஜாதி. ஜாஃபே, லிக்டன்ஸ்டைன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1942இல் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். புற்றுநோய் இல்லைதான், ஆனால் வேகமாக ஊதும், வலிக்கும். சிக்கல் என்னவென்றால் எலும்புப் புற்றுநோயில் ஒரு வகை படத்தில் அச்சு அசலாக இதே மாதிரி தெரியும். இரண்டையும் பிரிக்க சதைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பிறகு அறுவை சிகிச்சை செய்யப்போகிற குழுவே பயாப்சியும் எடுக்கட்டும், ஊசி நுழையும் பாதையே பின்னால் முக்கியமாகிவிடும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டி வழி கேளுங்கள், திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையமும் உங்கள் ஊருக்குத் தூரமில்லை. இந்தக் கட்டிதான் என்று உறுதியானால் சுரண்டி எடுத்து நிரப்புவார்கள், அல்லது கட்டியைச் சுருங்கவைக்கும் மருந்தைப் பல தவணையாக ஊசியில் போடுவார்கள். திரும்ப வரும் குணம் இதற்கு உண்டு, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். வலி போய்விட்டது என்று செக்கப்பை நிறுத்திவிடாதீர்கள்.

குளச்சலில் கடல் தொழில் செய்கிறேன், வயது 38. கணுக்கால் பிசகியதற்கு எக்ஸ்ரே எடுத்தபோது குதிகால் எலும்பில் நீர்க்கட்டி தெரிந்தது. வலி இல்லை. ஆபரேஷன் வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

வலி இல்லை, கட்டியும் சிறிது என்றால் வேண்டாம். பெரியவர்களுக்குக் குதிகாலில் இப்படித் தற்செயலாகத் தெரிவது வழக்கம்தான். ஆனால் வள்ளத்திலிருந்து குதித்து இறங்கும் தொழில் உங்களுடையது, அதனால் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று பார்த்துக்கொள்வது நல்லது. கட்டி பெரிதாக இருந்தாலோ, நிற்கும்போது குதிகாலில் புதிதாக வலி தொடங்கினாலோ அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். இந்தக் கணுக்கால் பிசகுக்குக்கூட உழிச்சலுக்குப் போக வேண்டாம்.