பயனீட்டாளர் கேள்வி-பதில்: ஏரியலைக் கழற்றாதீர்கள்

கே: அம்மாவின் டிவி பழையது. “அனலாக் நின்றுவிட்டது, இது இனிக் குப்பைதான், புதியது வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர். உண்மையா? (வாசகி, செந்தூல்)

ப: பாதி உண்மை. அந்தப் பாதியைக் காட்டித்தான் புது டிவியை விற்கப் பார்க்கிறார். 2019 அக்டோபரோடு மலேசியா முழுவதும் அனலாக் என்ற பழைய முறை ஒளிபரப்பு நின்று, டிஜிட்டல் மட்டுமே வருகிறது. அதனால் டிவி கெட்டுப்போகவில்லை. இலவச டிஜிட்டல் ஒளிபரப்பைப் பழைய டிவிக்கு மாற்றித் தரும் மைடிவி டிகோடர் பெட்டியும், யுஎச்எப் அலைவரிசையைப் பிடிக்கும் ஏரியலும் போதும். மாதக் கட்டணம் கிடையாது. டிவிக்குப் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே இருந்தால், அதே துளைகள் உள்ள டிகோடராகக் கேட்டு வாங்குங்கள். டிவி2-இல் தமிழ்ச் செய்தி பார்க்க அம்மாவுக்கு ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) செலவு எதற்கு?

கே: இணையத்தில் மலிவாக 55 அங்குல டிவி வாங்கினேன். ஏரியலைச் செருக இடமே இல்லை. (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

ப: டிஜிட்டல் ஒளிபரப்பை நேரடியாகப் பிடிக்கும் டிவிபி-டி2 வசதி உண்டா என்று வாங்கும் முன் பார்க்கவில்லை, அப்படித்தானே? டிகோடர் வாங்கி, ஏரியலை அதில் செருகுங்கள்.

கே: இரவுச் சந்தையில் 399 வெள்ளிக்கு ஆண்ட்ராய்டு பெட்டி வாங்கினேன். எல்லாச் சேனலும் ஆயுள் முழுக்க இலவசம் என்றார்கள். சில மாதங்களில் இருண்டுவிட்டது. (வாசகர், பட்டர்வொர்த்)

ப: இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. ஐயா, அந்தப் பெட்டிக்குள் சேனல் எதுவும் இல்லை. எங்கோ இருக்கும் சர்வர் கணினியிலிருந்து இணையம் வழியே திருட்டுத்தனமாக வருகிறது. அதை முடக்கினால் உங்கள் திரையும் இருளும். பெரும்பணம் கொடுத்து வாங்கப்படும் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையை, மடக்கு மேசை போட்டவர் ஆயுளுக்கும் எப்படித் தர முடியும்? பதிப்புரிமைச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தப்படி இத்தகைய பெட்டியை விற்பது குற்றம்: 10,000 முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேண்டாத சேனல்களையும் சேர்த்துக் கட்டி விற்கும் சந்தா நிறுவனங்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் நம் ஊர்த் தமிழ் நாடகக் கலைஞர்களின் சம்பளம் அந்தச் சந்தாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான் வருகிறது. மேசைக்காரர் அவர்களுக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. பணம் திரும்புமா? முகவரி இல்லாத ஆளிடம் எங்கே போய்க் கேட்பது?

கே: 2,300 வெள்ளி டிவி. நான்காம் மாதமே திரையில் கோடுகள். “திரைக்கு உத்தரவாதம் இல்லை, ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறோம்” என்கிறது கடை. (வாசகி, பிறை)

ப: எதை வேண்டுமானாலும் அச்சிடட்டும். பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். ரசீதில் ஒரு வரி போட்டு அதிலிருந்து கடை நழுவ முடியாது. எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மசியவில்லையா? பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. கோடுகளைப் படம் எடுத்து வையுங்கள். தயங்காதீர்கள் அம்மா, நியாயம் உங்கள் பக்கம்.

கே: இலவச டிவி இன்னும் எத்தனை காலம்? இப்போது டிகோடர் வாங்குவது வீணா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

ப: 1963 டிசம்பர் 28-இல் தொடங்கிய ஒளிபரப்பு இது. விளம்பரப் பணம் கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருப்பதால் தனியார் நிலையங்கள் இளைக்கின்றன. இருந்தாலும் டிகோடர் விலை ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவுதான். வாங்குங்கள்.

கே: கூரையில் இருக்கும் பழைய ஏரியலைக் காயலான் கடையில் போடலாமா? (வாசகர், கெப்போங்)

ப: யுஎச்எப் என்றால் போடாதீர்கள்; டிஜிட்டலுக்கும் அதுவே உழைக்கும். ‘டிஜிட்டல் 4கே ஏரியல்’ என்று 180 வெள்ளிக்கு நான் வாங்கியது அலமாரிக்குப் பின்னால் கிடக்கிறது. கேபிள் மட்டும் துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள்.