நான் கவுன்சலரா, கிளார்க்கா, கடன் வசூல்காரியா?

கேள்வி: அக்கா, நான் கேஎல் (கோலாலம்பூர்) செந்தூல்ல இருக்கேன். ஒரு தனியார் காலேஜ் ரெஜிஸ்ட்ரார் ஆபிஸ்ல நாலு வருஷம் கிளார்க். ஜனவரியிலேர்ந்து என் பேர ஸ்டூடன்ட் சக்சஸ் ஆபிஸர்னு மாத்திட்டாங்க. டிப்ளோமா பிள்ளைங்க 400 பேரு, பாதியில நிக்கிறவங்கள கொறைக்கணுமாம். ஃபோன் அடிச்சா யாருமே எடுக்க மாட்றாங்க. பாக்கி ஃபீஸ் கேக்குறதும் இதே நம்பர்லதான். நான் டீச்சரும் இல்ல, கவுன்சலரும் இல்ல. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: தங்கச்சி, யாரும் ஃபோன் எடுக்கலன்னு எழுதிட்டு அடுத்த வரியிலயே அந்த நம்பர்லதான் ஃபீஸும் கேக்குறோம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அங்கயே சிரிப்பும் வந்துச்சு வயித்தெரிச்சலும் வந்துச்சு. கடன்காரன் நம்பர்னு தெரிஞ்சா நீங்க எடுப்பீங்களா?

என் கதைய கொஞ்சம் சொல்றேன். நானும் ஒரு செமெஸ்டர் காலேஜ்லேர்ந்து நின்னவதான். அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, நான் பசார் மாலாம்ல, ராத்திரி சந்தையில, அத்தையோட கடையில நின்னு ராத்திரி பன்னண்டுக்கு வீட்டுக்கு வந்து காலையில எட்டு மணி கிளாஸுக்கு எழுந்திரிக்க முடியாம, ஒரு கிளாஸ் போச்சு, ரெண்டு போச்சு, அப்புறம் லெக்சரர் மூஞ்சிய பாக்க வெக்கமாகி மொத்தமா போகல. காலேஜ்லேர்ந்து எனக்கு வந்தது ஒரே ஒரு கடுதாசி, அதுவும் பாக்கி எவ்வளவுன்னு. ஏன் வரலன்னு ஒருத்தர் கேட்டிருந்தா போயிருப்பேன்னுதான் இன்னைக்கும் தோணுது. படிப்பு ஏறாம நிக்கிறவங்க கொஞ்சம் பேருதான், மத்தவங்கள்லாம் வேலை, காசு, வெக்கம், இதுலதான் நழுவிப் போறாங்க.

உங்க வேலை என்னன்னா, 400 பேருக்கும் ஆபிஸ்ல பேரு தெரிஞ்ச ஒரு ஆளா இருக்கணும், அவ்வளவுதான். கவுன்சலர் வேலைய எடுத்து மேல போட்டுக்காதீங்க. நம்ம மலேசியாவுல 1998ல வந்த கவுன்சலர் சட்டம் இருக்கு, ஆக்டா 580, லெம்பாகா கவுன்சலர்ங்கற வாரியத்துல பதிவு பண்ணாதவங்க கவுன்சலர்னு பேரு போட்டுக்கவே கூடாது. ஒரு பிள்ளை சாகலாம்னு இருக்குன்னு சொன்னா நீங்க உக்காந்து அறிவுரை சொல்லிட்டு இருக்காம, பக்கத்துலயே இருந்து கையோட கவுன்சலர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. ரூம் நம்பர் மட்டும் சொல்லி அனுப்பிடாதீங்க, போக மாட்டாங்க. பிடிபிடிஎன், அதான் அரசாங்கப் படிப்புக் கடன், அதப் பாக்குறவங்ககிட்டயும் இதே மாதிரி கூட்டிட்டுப் போங்க. பாயிண்டர், அதான் செமெஸ்டர் மார்க் சராசரி, 2.00க்குக் கீழ போனா லோன் காசு நின்னுரும்னு பல பிள்ளைங்களுக்கு நின்னதுக்கு அப்புறம்தான் தெரியுது. அத மொத செமெஸ்டர்லயே ஒக்கார வெச்சு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், அது நீங்களா இருக்கலாம்.

இந்த மாதிரி வேலை அமெரிக்காவுல கம்யூனிட்டி காலேஜ்ங்கள்ல ரொம்ப நாளா இருக்கு. (நம்ம கோலேஜ் கொமுனிட்டி வேற மாதிரி, அது 2001ல ஆரம்பிச்சது, அங்க சர்டிபிகேட்டும் கைத்தொழிலும்தான் முக்கியம்.) நியூயார்க் சிட்டி யூனிவர்சிட்டியோட கம்யூனிட்டி காலேஜ்ல 2007ல ஏஎஸ்ஏபின்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பிள்ளைங்களுக்கு ட்ரெயின் பாஸ், புஸ்தகம், டியூஷன் எல்லாம் குடுத்தாங்க, அதோட ஒரு அட்வைசருக்கு 60லேர்ந்து 80 பிள்ளைங்கதான். சாதாரணமா அங்க ஒரு அட்வைசர் தலையில 600க்கு மேல இருக்கும். குலுக்கல் போட்டு ரெண்டு கூட்டமா பிரிச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, மூணு வருஷத்துல திட்டத்துல இருந்தவங்கள்ல நூத்துக்கு 40 பேரு முடிச்சாங்க, இல்லாதவங்கள்ல 22 பேரு. ட்ரெயின் பாஸுங்கறது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா மாசக் கடைசியில பஸ்ஸுக்குக் காசு இல்லாம வராத பிள்ளைங்க நம்ம கேஎல்லயும் இருக்காங்க. பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்கும் 50 ரிங்கிட்ல மை50ன்னு மாசப் பாஸ் இருக்குன்னு தெரியாதவங்க கூட இருக்காங்க, அதயும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க.

உங்களுக்கு 400 பேரு. எல்லாரையும் பாக்க முடியாது, முயற்சி பண்ணாதீங்க, ஒடம்பு போயிரும். மூணாவது வாரம் அட்டெண்டன்ஸ் எடுத்து, மூணு தடவைக்கு மேல வராதவங்க பேர மட்டும் எடுங்க. நெறைய காலேஜ்ல 80 சதவீதம் வரலன்னா பரீட்சைக்கு விட மாட்டாங்க, அந்த வார்னிங் லெட்டர் வர்ற நேரத்துல பிள்ளை ஏற்கனவே ஷாப்பிங் மால்ல முழு நேர வேலைக்குப் போயிருக்கும், அப்ப கூப்பிட்டு என்ன பண்ண. லெக்சரர்ங்க அட்டெண்டன்ஸ லேட்டாதான் குடுப்பாங்க, அதுக்கு கோவப்படாதீங்க. கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா மாமாவையும் கண்டீன் அக்காவையும் பசியாறும் போது விசாரிங்க. யாரு வரல, யாரு தனியா ஒக்காந்திருக்கா, யாரு ரெண்டு நாளா சாப்பாடே வாங்கலன்னு அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். சம்பளம் கம்மி, பதவி பேரு இல்ல, ஆனா அவங்களும் இந்த வேலைதான் பாக்குறாங்க.

கூப்பிடாதீங்க, வாட்ஸ்அப்ல எழுதுங்க. "நீங்கள் மூன்று வகுப்புகளுக்கு வருகை தரவில்லை"ன்னு ஆபிஸ் பாஷை வேணாம். "தம்பி, போன வாரம் ஆளக் காணோமே, எல்லாம் ஓகேவா? வேலையில ஓவர்டைம் ஜாஸ்தியா?"ன்னு கேளுங்க. பதில் வராதவங்கள நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவ கேளுங்க, அப்பவும் வரலன்னா அவங்க கூட்டாளிகிட்ட எப்படி இருக்கான்னு மட்டும் விசாரிங்க, அட்டெண்டன்ஸ் கதையெல்லாம் அங்க பேசாதீங்க. வீட்டுக்கு மட்டும் எடுத்த ஒடனே போன் அடிக்காதீங்க, அம்மாகிட்ட மாட்டிவிட்ட ஆளுன்னு ஆயிட்டா அந்தப் பிள்ளை உங்ககிட்ட எதுவும் சொல்லாது.

அப்புறம் மேனேஜர்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, எத்தன பேரு நின்னாங்கங்கறத மட்டும் வெச்சு உங்கள அளக்க வேணாம்னு. நின்னுட்டு அடுத்த செமெஸ்டர் திரும்பி வந்தவங்களையும் எண்ணச் சொல்லுங்க. சில பிள்ளைக்கு ஒரு செமெஸ்டர் முறையா தள்ளி வெச்சு ஃபார்ம் எழுதிக் குடுக்குறதுதான் நல்லது, பேசாம காணாமப் போறத விட. இன்னொண்ணுதான் முக்கியம், ஃபீஸ் கேக்குறதுக்கு பைனான்ஸ் வேற நம்பர் வெச்சுக்கட்டும். அவங்க ஒத்துக்கலன்னா நீங்களே ஒரு பிரீபெய்ட் சிம் வாங்கிக்கோங்க, பத்து ரிங்கிட்தான், பில்ல மட்டும் மறக்காம கிளைம் பண்ணுங்க.