யூகியோவுக்குத் திரும்பி வருவது: கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

பாடசாலை நாட்களில் யூகியோ கார்ட் ஆட்டம் என்றால் எனக்கு உயிர். 2008இல் ஓ.எல். பரீட்சையோடு விட்டதுதான். இப்போது ஹட்டனில் இருக்கும் அக்காவின் மகன் அதையே போனில், மாஸ்டர் டூவல் என்ற பெயரில் விளையாடுகிறான். பக்கத்தில் இருந்து பார்த்தால் தலை சுற்றுகிறது. எதிராளி முதல் டர்னிலேயே ஏழெட்டு மொன்ஸ்டர் இறக்கி, எடுத்து, மாற்றி, ஐந்து நிமிடம் தனியாக விளையாடுகிறார். மருமகன் கையிலிருந்து ஒரே ஒரு கார்டைப் போட்டதும் ஆட்டத்தையே விட்டுப் போய்விடுகிறார். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பத்தி ஆங்கிலம். நான் தமிழ் மீடியம். திரும்ப விளையாட ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? பழைய கார்ட் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது. பாதி டுப்ளிகேட், அதாவது போலி, என்கிறான் மருமகன். மினுங்குகிற கார்டெல்லாம் வளைந்துவிட்டன. அவற்றை வைத்து அவனோடு வீட்டில் விளையாட முடியுமா?

தினேஷ், தலவாக்கலை

*

அன்பின் தினேஷ்,

எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. 2008க்குப் பிறகு விதிகளில் மாறியதை ஒரு கொப்பித் தாளில் எழுதிவிடலாம். பெருகியிருப்பது கார்டில் உள்ள எழுத்து. ஆகவே அந்த எழுத்தை வாசிக்கும் முறையைப் பழகுங்கள். ஒரே ஒரு டெக்கை, அதாவது விளையாடும் கார்ட் கட்டை, அடி முதல் நுனி வரை தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் விளையாட விளையாடத் தானாக வரும்.

விதிகளை முதலில் முடித்துவிடுவோம். 8000 லைஃப் பொயின்ட், தொடக்கத்தில் 5 கார்ட், டர்னுக்கு ஒரு நோர்மல் சமன் (கையிலிருந்து மொன்ஸ்டர் இறக்குவது), அதற்கு 5, 6 லெவலுக்கு ஒரு ட்ரிபியூட் (களத்தில் உள்ள மொன்ஸ்டரைப் பலி கொடுப்பது), 7இலிருந்து இரண்டு என்பதெல்லாம் அப்படியே இருக்கிறது. 2014 முதல், ஆட்டத்தைத் தொடங்குபவர் தன் முதல் டர்னில் கார்ட் இழுப்பதில்லை. ஃபீல்ட் ஸ்பெல் ஆளுக்கு ஒன்று இருக்கலாம். ஒன்று வந்தால் மற்றது அழியாது. நீங்கள் ஃபியூஷன் டெக் என்று வைத்திருந்தது இப்போது எக்ஸ்ட்ரா டெக், 15 கார்ட் வரை. அதில் ஃபியூஷனோடு மூன்று வகை சேர்ந்திருக்கின்றன. சின்க்ரோ, நீங்கள் விட்ட அதே 2008இல் வந்தது: ஒரு ட்யூனரும் ட்யூனர் அல்லாத மொன்ஸ்டரும் சேர்ந்து லெவல் கூட்டல் சரியாக வர வேண்டும், 3உம் 4உம் 7. எக்சீஸ் 2011இல்: ஒரே லெவல் மொன்ஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் எக்சீஸை வைப்பது, பெரும்பாலும் அடியில் உள்ள கார்டைக் கழற்றிக் கழற்றித்தான் எஃபெக்டை, அதாவது கார்டில் எழுதியுள்ள செயலை, பாவிக்கலாம். லிங்க் 2017இல்: களத்தில் உள்ள மொன்ஸ்டர்களைக் கொடுத்து இறக்குவது, ஓரத்தில் அம்புகள் இருக்கும், லெவலும் இல்லை, டிஃபென்ஸும் இல்லை, குப்புறக் கவிழ்க்கவும் முடியாது. 2014இல் வந்த பென்டுலத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எதிரே வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. 2017க்கும் 2020க்கும் இடையில் எடுத்த விளக்க வீடியோக்களில், எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து வரும் எதுவும் நடுவில் உள்ள தனிக் கட்டத்திலோ லிங்க்கின் அம்பு காட்டும் கட்டத்திலோதான் வர வேண்டும் என்று சொல்வார்கள். 2020 ஏப்ரலில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது லிங்க்குக்கும், எக்ஸ்ட்ரா டெக்கிலிருந்து திரும்பி வரும் பென்டுலத்துக்கும் மட்டுமே அது பொருந்தும். வீடியோ எந்த வருடத்தது என்று பார்த்துவிட்டே நம்புங்கள்.

இனி வாசிப்பு. 2011 முதல் கார்ட்களை ஒரே இலக்கணத்தில் எழுதுகிறார்கள். அதன் சாவி இரண்டு நிறுத்தற்குறிகள்: முக்காற்புள்ளி (:), அரைப்புள்ளி (;). முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எப்போது பாவிக்கலாம் என்ற நிபந்தனை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த நொடியிலேயே நீங்கள் கொடுக்கும் விலை, அல்லது குறிவைக்கும் கார்ட். அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் எஃபெக்ட். அது செய்ன், அதாவது ஒன்றுக்குப் பதிலாக ஒன்று போட்ட எஃபெக்ட்களின் வரிசை, அவிழும்போதுதான் நடக்கும்.

மருமகன் போட்டது அநேகமாக ஏஷ் ப்ளொஸமாக இருக்கும். அதையே எடுத்துக்கொள்வோம். டெக்கிலிருந்து கைக்கு எடுப்பது, டெக்கிலிருந்து ஸ்பெஷல் சமன் (எஃபெக்டால் இறக்குவது), டெக்கிலிருந்து கிரேவ்யார்டுக்கு (முடிந்த கார்ட்கள் சேரும் குவியலுக்கு) அனுப்புவது, இந்த மூன்றில் ஒன்று அடங்கிய எஃபெக்டை யாராவது தொடங்கும்போது என்பது நிபந்தனை. இந்தக் கார்டைக் கையிலிருந்து டிஸ்கார்ட் பண்ணுவது, அதாவது கழிப்பது, விலை. அந்த எஃபெக்டை நெகேட் பண்ணுவது, அதாவது செல்லாமல் ஆக்குவது, பலன். விலை முன்கூட்டியே போய்விடுவதால், எதிராளி உங்கள் ஏஷை வேறொன்றால் நிறுத்தினாலும் அது கைக்குத் திரும்பாது. கடைசி வரியில், இந்தப் பெயருள்ள கார்டின் எஃபெக்டை டர்னுக்கு ஒருமுறைதான் பாவிக்கலாம் என்று இருக்கிறது. பெயர் சொல்லிக் கட்டிய எல்லை அது. கையில் மூன்று ஏஷ் இருந்தாலும் ஒன்றைத்தான் போடலாம். பெயரில்லாமல் வெறுமனே டர்னுக்கு ஒருமுறை என்றிருந்தால், அதே கார்டின் இன்னொரு பிரதியை இறக்கித் திரும்பப் பாவிக்கலாம்.

தமிழ் மீடியம் என்று தயங்க வேண்டாம். ஒரு சீ.ஆர். கொப்பியில் பத்துப் பன்னிரண்டு வினைச்சொற்களை எழுதி ஒட்டிவிட்டால் முக்கால்வாசி கார்ட்களை வாசித்துவிடலாம். ஒன்றுபோல் தோன்றுவதைக் கலக்காதீர்கள்: டிஸ்ட்ரோய் வேறு, ட்ரிபியூட் வேறு, கிரேவ்யார்டுக்கு சென்ட் வேறு. டிஸ்ட்ரோய் பண்ண முடியாது என்று எழுதிய மொன்ஸ்டரை சென்ட் பண்ணி அகற்றலாம். டிஸ்கார்ட் கையிலிருந்து மட்டும். நுட்பமான இன்னொன்று: 'வென்' என்று தொடங்கி 'யூ கென்' என்று தொடரும் எஃபெக்ட், அந்தச் சம்பவம் கடைசியாக நடந்ததாக இருந்தால்தான் வேலை செய்யும். கிரேவ்யார்டுக்குப் போகும்போது என்று 'வென்' போட்டு எழுதிய மொன்ஸ்டரை ட்ரிபியூட்டாகக் கொடுத்தால், கடைசியாக நடப்பது புதிய மொன்ஸ்டர் இறங்குவது, வாய்ப்பு தவறிவிடும். 'இஃப்' என்று தொடங்கினால் அந்தச் சிக்கல் இல்லை. மருமகனோடு சண்டை வருவதென்றால் இதில்தான் வரும்.

எதிராளியின் அந்த ஐந்து நிமிடத்துக்கு வருகிறேன். அவர் யோசித்து விளையாடவில்லை, மனப்பாடம் செய்த பாதையில் நடக்கிறார். அந்தப் பாதையில் ஒன்றிரண்டு கழுத்துகள் உண்டு. அங்கே நெரித்தால் மீதி நடக்காது. அதற்காகத்தான் ஹேன்ட் ட்ரெப், அதாவது எதிராளியின் டர்னிலும் கையிலிருந்தே போடக்கூடிய கார்ட்கள். 304 சீட்டாட்டத்தில் துரும்பை எந்தப் பிடிக்கு வெட்டுவது என்று கணக்குப் பார்ப்பீர்களே, அந்தக் கணக்குத்தான். முதலில் கண்ணில் படும் எஃபெக்டுக்கே ஏஷைப் போடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நோர்மல் சமனைச் செலவழித்து டெக்கிலிருந்து எடுக்கும் அந்தக் கட்டம் வரும் வரை பொறுங்கள். எஃபெக்ட் வெய்லரும் இன்ஃபினிட் இம்பர்மனன்ஸும் களத்தில் திறந்திருக்கும் மொன்ஸ்டரைக் குறிவைப்பவை. அது எஃபெக்டைத் தொடங்கியவுடன் பதிலுக்குப் போட வேண்டும். நிபிரு வேறு மாதிரி. ஒரே டர்னில் எதிராளி ஐந்து மொன்ஸ்டர் இறக்கிய பிறகே அதைப் போடலாம். களத்தில் திறந்திருக்கும் எல்லாவற்றையும் ட்ரிபியூட் பண்ணிவிட்டு வரும். எண்ணிக்கொண்டே இருங்கள்.

டெக்கை 40 கார்டிலேயே நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் பிடித்ததையெல்லாம் சேர்த்து 60 வைப்போம். 40இல் மூன்று பிரதி வைத்த கார்ட் தொடக்கக் கையில் வர 33.8 சதவீத வாய்ப்பு. 60இல் அது 23.3 ஆகிவிடும். 40 கார்டில் 9 ஹேன்ட் ட்ரெப் வைத்தால் முதல் ஐந்தில் ஒன்றாவது இருக்க 74 சதவீதம். ஒன்பதுக்குக் குறையாமல் வைக்கச் சொல்வது அதனால்தான்.

எந்த டெக்? உங்களுக்கு நான் சொல்வது ட்ரெப்ட்ரிக்ஸ். ட்ரெப் ஹோல், பொட்டம்லெஸ் ட்ரெப் ஹோல் எல்லாம் பாடசாலைக் காலத்திலேயே பழகிய கார்ட்கள். அவற்றைச் சுற்றியே கட்டிய டெக் இது, நீண்ட பாதை மனப்பாடம் வேண்டாம். மிர்மெலியோவை நோர்மல் சமன் பண்ணுங்கள். உடனே பெயரில் ஹோல் என்றிருக்கும் ஒரு நோர்மல் ட்ரெப்பை (கவிழ்த்து வைத்துப் பிறகு திறக்கும் பொறிக் கார்டை) டெக்கிலிருந்து கைக்கு எடுக்கலாம். பிறகு அந்த மிர்மெலியோ ஒன்றையே கொடுத்து சேரா என்ற லிங்க் 1 மொன்ஸ்டரை இறக்குங்கள். எடுத்த ட்ரெப்பைக் கவிழ்த்து வைத்து டர்னை முடியுங்கள். எதிராளியின் டர்னில் அந்த ட்ரெப்பைத் திறந்ததும், சேரா டெக்கிலிருந்து வேறு பெயருள்ள ஒரு ட்ரெப்ட்ரிக்ஸை இறக்கும். அந்த மொன்ஸ்டர் தன் எஃபெக்டைப் பாவித்தால், சேரா டெக்கிலிருந்தே இன்னொரு ஹோல் ட்ரெப்பைக் கவிழ்த்து வைக்கும். ஒரு ட்ரெப் போட்டு மூன்று கார்ட் பலன்.

கழுத்து எங்கே? மிர்மெலியோ ட்ரெப் எடுக்கும் இடத்தில். ஏஷ் அங்கேதான் வரும். வந்தால் ட்ரெப் கிடைக்காது, ஆனால் மிர்மெலியோ களத்தில் நிற்கும். சேராவை இறக்கி, கையில் ஏற்கனவே இருக்கும் ட்ரெப்பைக் கவிழ்த்தாலும் ஆட்டம் நகரும். எனவே எடுக்கும் கார்டை மட்டும் நம்பாமல் எல்லா ஹோல் ட்ரெப்பிலுமாக எட்டு வரை வைத்திருங்கள். ஃப்ளட்கேட் ட்ரெப் ஹோல் இறங்கிய மொன்ஸ்டரைக் கவிழ்த்து அப்படியே பூட்டிவிடும், ஆனால் லிங்க்குக்கு முன்னால் செல்லாது. லிங்க் டெக் எதிரே இருந்தால் 1500க்குக் குறையாத அட்டேக் உள்ளதை அழித்து பெனிஷ் பண்ணும், அதாவது ஆட்டத்திலிருந்தே அகற்றும், பொட்டம்லெஸ்ஸை எடுங்கள்.

மாஸ்டர் டூவல் 2022 ஜனவரியில் வந்தது, இலவசம். வைஃபை உள்ள இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டாவைத் தின்றுவிடும். நேரே ரேங்க் ஆட்டத்துக்குப் போகாமல் சோலோ பகுதியை முடியுங்கள்: இரவல் டெக் தருவார்கள், ஆட்டத்துக்குள் காசாகப் பயன்படும் ஜெம்மும் சேரும். ஒரு பெக்கட் 100 ஜெம், அதில் 8 கார்ட். ஒரு யூஆர் (மிக உயர்ந்த தரம்; அதற்கு அடுத்தது எஸ்ஆர்) கார்ட் செய்ய அதே தரத்தில் 30 பொயின்ட் வேண்டும். ஒரு சாதாரண யூஆரை உடைத்தால் 10தான் கிடைக்கும். அதாவது மூன்றை உடைத்தால் ஒன்று. ஹேன்ட் ட்ரெப்களை ஒருபோதும் உடைக்காதீர்கள், எந்த டெக்குக்கும் அவை வேண்டும். ஒரு வகை டெக்கின் எஸ்ஆர் அல்லது யூஆர் ஒன்றைச் செய்தால் அந்த வகைக்கான சீக்ரெட் பெக் 24 மணி நேரத்துக்குத் திறக்கும். ஜெம்மை அங்கே செலவழியுங்கள். திரையில் ஓட்டோ, ஓன், ஓஃப் என்று ஒரு பொத்தான் இருக்கும். ஓஃபில் விட்டால் ஏஷ் கையில் இருந்தும் கேட்காமல் ஆட்டம் கடந்து போய்விடும். ஓட்டோவில் வையுங்கள்.

வீட்டில் மேசையில் விளையாட, ஒரு திகதியில் ஆட்டத்தை நிறுத்திக்கொள்வது நல்ல வழி. உலகம் முழுக்க ஆட்கள் அப்படி விளையாடுகிறார்கள். 2005 ஏப்ரல் தடைப் பட்டியலோடு ஆடுவது கோட் ஃபோர்மட். பொட் ஒஃப் கிரீட், கிரேஸ்ஃபுல் செரிட்டி இரண்டும் ஒவ்வொன்று வைக்கலாம். இன்றைய ஆட்டத்தில் இரண்டும் தடை. 2005 நடுப்பகுதிக்குப் பிறகு வந்த கார்ட்கள் அதில் சேராது. 2008 வரை உங்களிடம் உள்ளதும் வேண்டுமென்றால் 2010 மார்ச் பட்டியலைக் கொண்ட எடிசன் ஃபோர்மட்; சின்க்ரோ உண்டு, எக்சீஸ் இல்லை. எதை எடுத்தாலும் அன்றைய விதிகளையும் ஒரு தாளில் எழுதி இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள்: முதலில் தொடங்குபவரும் கார்ட் இழுப்பார், களத்தில் ஒரே ஃபீல்ட் ஸ்பெல்தான் நிற்கும், மொன்ஸ்டரை இறக்கியவர் எதிராளி ட்ரெப் போடும் முன்பே அதன் எஃபெக்டைத் தொடங்கலாம். மூன்றாவது மருமகனுக்கு நம்பவே கடினமாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டுப்ளிகேட் எது என்று பார்க்க: அசல் கார்டின் கீழ் வலது மூலையில் தங்க அல்லது வெள்ளி நிறத்தில் ஒரு சிறு சதுர ஹோலோகிராம் இருக்கும். கீழ் இடது மூலையில் பெரும்பாலும் எட்டு இலக்க எண். டார்க் மெஜிஷியன் என்றால் 46986414. படத்துக்குக் கீழே வலப்புறம் செட் குறியீடு. இவை இல்லாவிட்டால், எழுத்துப் பிழை மலிந்திருந்தால் டுப்ளிகேட். போட்டிகளுக்கு ஆகாது. வீட்டில் வைத்து விளையாடுங்கள், ஆனால் அவற்றில் உள்ள எஃபெக்ட் எழுத்தை நம்பாமல் கார்டின் பெயரை இணையத்தில் தேடிச் சரியான வாசகத்தைப் பாருங்கள்.

மினுங்கும் கார்ட் வளைந்ததற்குக் காரணம் தலவாக்கலை ஈரம். முகத்தில் உள்ள உலோகப் படலம் ஈரத்தை உறிஞ்சாது, பின்னால் உள்ள தாள் உறிஞ்சி விரியும். அதனால் ஓரங்கள் முகப்பக்கமாக எழும்பும். அடுப்பங்கரையிலோ ஹெயார் ட்ரையரிலோ காய வைத்தால் தாள் அளவுக்கு மீறிச் சுருங்கி எதிர்ப்பக்கம் வளையும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வையுங்கள். சற்றுத் தளர்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே பாரமான புத்தகங்களை அடுக்குங்கள். சப்பாத்துப் பெட்டியில் கிடந்த சிறு பெக்கட் உதவாது, அது எப்போதோ ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் வகையைத் தேடி வாங்குங்கள்; நீலம் இளஞ்சிவப்பானால் திரும்பச் சூடாக்கி உலர்த்த வேண்டும். நீல வகையில் கோபால்ட் இருப்பதால் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த கார்டை மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம்.

உறை வாங்கும்போது ஜப்பான் அளவு என்று கேளுங்கள். யூகியோ கார்ட் 59க்கு 86 மில்லிமீட்டர். அதற்கான உறை சுமார் 62க்கு 89. பொகிமோனுக்கான 66க்கு 91 உறையில் கார்ட் ஆடும், கலைக்கும்போது மூலை மடியும். பீவீசி அல்பத்தில் வைத்தால் காலப்போக்கில் மை ஒட்டிக்கொள்ளும்; பொலிப்ரொப்பிலீன் என்று எழுதியதை எடுங்கள். தென்மேற்கு மழை மே மாதம் தொடங்கிவிடும், பெட்டியை அதற்கு முன்பே தயார் செய்துவிடுங்கள்.