ரெரா நம்பர் அடுத்த மாதம் வருமென்றால் பணமும் அடுத்த மாதமே போகட்டும்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காங்கேயம் பக்கம் இருந்த பூமியில் தன் பங்கை விற்ற பணம் கையில் இருக்கிறது. மகளுக்குக் கோவையில் ஐடி வேலை என்பதால் சரவணம்பட்டியில் வரப்போகும் அடுக்குமாடியில் 1,200 சதுர அடி வீடு ஒன்று பேசியிருக்கிறார். இன்றைக்கு அந்த இடத்தில் இருப்பது ஒரு தகரக் கொட்டகையும் பெரிய போர்டும்தான். ஆடி முடிவதற்குள் முழுப் பணத்தையும் கட்டினால் சதுர அடி 4,200, அப்புறம் என்றால் 5,600. ரெரா நம்பர் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் தரும் பதிவு எண்) "அடுத்த மாசம் வந்துரும்ங்க" என்கிறார்களாம். டோக்கன் 2 லட்சம் கொடுத்தாயிற்று. பில்டர் சம்பந்தி வழியில் தெரிந்தவர், ஆனால் அவர் கட்டும் முந்தைய அடுக்குமாடி இரண்டு வருடமாக முடியாமல் நிற்கிறது. வாங்கலாமா?

இந்த நிலையில் வேண்டாம். முந்தைய கட்டடம் நிற்கிறதே என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு (நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட் சொச்சம்) மேற்பட்ட நிலத்தில் எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால், பதிவு எண் கைக்கு வரும்வரை விளம்பரம் செய்யக்கூடாது, புக்கிங் எடுக்கக்கூடாது, விற்கிறேன் என்று சொல்லவே கூடாது. எண் வந்த பிறகும்கூட, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. உங்களிடம் கேட்பதோ நூற்றுக்கு நூறு.

சதுர அடிக்கு 1,400 குறைவு, மொத்தம் 16 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் என்று நினைக்கிறீர்கள். அதைத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் அவருக்கு ஈடில்லாமல் கொடுக்கும் 50 லட்சம் கடனுக்கு அவர் தரும் வட்டி அது. பதிவான திட்டம் என்றால் வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும்; எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால்தான் எடுக்க முடியும். பதிவில்லாத திட்டத்துக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. உங்கள் பணம் எங்கே போகும்? என் கணிப்பைக் கேட்டால், நின்றுபோன அந்த முந்தைய கட்டடத்தின் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும்தான். பிறகு உங்கள் வீட்டைக் கட்ட மூன்றாவதாக ஒரு போர்டு நட வேண்டியிருக்கும்.

சரி, நம்பர் வந்துவிட்டது என்று காட்டினால்? அந்த எண்ணை முழுதாகப் படியுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு எண்ணுக்குள்ளேயே 'பில்டிங்' அல்லது 'லேஅவுட்' என்ற சொல் இருக்கும். பல வருடம் முன்பு மனைப்பிரிவுக்கு வாங்கிய லேஅவுட் எண்ணை, அதே நிலத்தில் வரப்போகும் அடுக்குமாடியின் நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடி, திட்டத்தின் பெயர், சர்வே எண், எத்தனை வீடு, எந்தத் தேதிக்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விற்பனை ஆள் "ஒன்றரை வருஷம்" என்பார், அங்கே நான்கு வருடம் போட்டிருக்கும்.

நிலத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் சிக்கல் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். சரவணம்பட்டி, காளப்பட்டி, கோவில்பாளையம் எல்லாம் நேற்றுவரை தோட்டமும் காடுமாக இருந்த பூமி. பாட்டன் பெயரில் இருந்ததை அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பாகம் பிரித்து, கட்டிக்கொடுத்த பெண்களிடம் கையெழுத்தே வாங்காமல் பில்டருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு. அப்பா அந்த வருடம் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை இந்தத் திருத்தம் தொடாது. இல்லையென்றால் எல்லா மகள்களின் விடுதலைப் பத்திரத்தையும் கேளுங்கள். "அத்தையெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்பது பத்திரம் ஆகாது. சதுர அடி 5,000 என்று காதில் விழுந்தால் அத்தையும் கேட்பார்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். முப்பது வருடத்துக்காவது பாருங்கள். வங்கியில் மூலப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் 'உரிமை ஆவண ஒப்படைப்பு' என்று ஒரு வரி வரும், அது ரத்தான வரியும் பின்னால் வருகிறதா என்று தேடுங்கள். பிரிபடாத பாகத்தையும் (நிலத்தில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு) ஒரு கை கூட்டிப் பாருங்கள்: 80 சென்ட் நிலம், 60 சம அளவு வீடு என்றால் 34,848 சதுர அடியில் வீட்டுக்கு 580 வர வேண்டும். ஒப்பந்தத்தில் 410 என்றிருந்தால் மீதி யாருக்கு என்று கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் திருப்பும் பக்கம் தாமதம் பற்றியது. ஒருவர் கொண்டுவந்ததில், வாங்குபவர் தவணை தவறினால் 24 சதவீதம் வட்டி. பில்டர் தாமதித்தால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய். உங்கள் 1,200 சதுர அடிக்கு அது 6,000 ரூபாய். 50 லட்சத்துக்கு எட்டரை சதவீதம் வைத்தாலே மாதம் 35,000-ஐத் தாண்டும். அதோடு ஆள் பற்றாக்குறை, மணல் பற்றாக்குறை, மழை என எல்லாமே 'இயற்கைச் சீற்றம்' கணக்கில் சேர்ந்திருந்தது. சட்டப்படி இரண்டு பக்கத்துக்கும் ஒரே வட்டி விகிதம்தான். சொன்ன தேதியில் வீடு கொடுக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்பதும் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் ஆர்டர் வாங்குவது வேறு, பணம் வாங்குவது வேறு. கணக்கில் எதுவும் இல்லாத கம்பெனியிடம் ஆர்டரைக் கொண்டுபோய் வசூலிக்கப் படும் பாட்டைக் கேட்டால் உங்களுக்கு இந்த 4,200 மறந்துபோகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு அந்த முந்தைய கட்டடத்துக்குப் போய் வாருங்கள். மாதிரி வீட்டில் ஏசி போட்டு காபி கொடுப்பார்கள், அது வேண்டாம். குடிவந்தவர்கள் யாராவது இருந்தால் கரண்ட் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு தனி மீட்டரா, இன்னும் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் கூடுதல் கட்டணத்தில் ஓடுகிறதா? தற்காலிகம் என்றால் பணி நிறைவுச் சான்று வரவில்லை என்று சந்தேகப்படலாம்.

வீடு முடியும்வரை மாதாமாதம் வாடகை தருகிறோம் என்று அடுத்து ஒரு ஆஃபர் வரலாம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு மாதாமாதம் பணம் தந்துவிட்டுப் பிறகு கைவிரித்த கதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அந்த 2 லட்சம். ரசீதை எடுத்துப் பாருங்கள், வீட்டு எண்ணும் 'முன்பணம்' என்ற சொல்லும் இருக்கிறதா, வெறும் 'கைமாற்று' என்று எழுதியிருக்கிறதா? வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியல், போர்டின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பதிவில்லாமல் புக்கிங் எடுத்திருக்கிறீர்கள், இத்தனை நாளில் பணம் வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். வராவிட்டால் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்; பதிவு செய்யாமல் விற்றால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம் என்பது அவருக்கும் தெரியும், அதனால் கடிதத்துக்கே பணம் வந்துவிடுவதும் உண்டு. சம்பந்தியை நடுவில் விடாதீர்கள், மகள் வாழும் வீட்டு உறவு அது. பணத்துக்குப் பதிலாக சூலூர்ப் பக்கம் ஒரு மனை தருகிறேன் என்றால் அதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மனைக்கும் முப்பது வருட வில்லங்கம் பார்க்க வேண்டியிருக்கும்.