மது வாங்கும் வயது 21: உத்தரவு போட்டது யார்?

யாரும் உத்தரவு போடவில்லை, பணத்தைக் காட்டித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். வயதை முடிவு செய்வது மாநிலம் என்றால் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 21 எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே உள்ளவர்கள் மது வாங்க அனுமதிக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கை நிறுத்திவைக்கச் சொன்னது 1984-ல் வந்த மத்தியச் சட்டம், அவ்வளவுதான்.

19 வயதிலேயே லேசான பீர் வாங்க விட்டிருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது. போவது 5 சதவீதம்தானே, இதெல்லாம் கட்டாயப்படுத்துவது ஆகாது என்றது உச்ச நீதிமன்றம்.

கட்டளையையும் நிபந்தனையையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் குழப்பம் என்று நினைக்கிறேன். சட்ட வாசகத்தைப் பாருங்கள்: 'மாநிலம் செய்தே ஆக வேண்டும்' என்கிறதா, 'செய்யாவிட்டால் நிதி குறையும்' என்கிறதா?

நிபந்தனைக்கும் எல்லை உண்டு, சரியா. ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டின் விரிவாக்கத்தை மாநிலங்கள் ஏற்காவிட்டால் பழைய மெடிகெய்ட் பணமும் போய்விடும் என்றபோது, 2012-ல் அதே நீதிமன்றம் குறுக்கே நின்றது.